கதிரைகளை வட்டமாகப் போட்ட பிறகு

எங்கள் பக்கத்தில் 'பேசுவது' என்றால் ஏசுவது. "அம்மா பேசினவ" என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், வீட்டில் நல்ல ஏச்சு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கல்யாணமும் பேசுவார்கள். அதுவும் சில வீடுகளில் ஏச்சில்தான் முடியும். மற்றதெல்லாம் கதைப்பதுதான். கிணற்றடியில் கதைப்போம், கடை வாசலில் கதைப்போம், போனில் மணிக்கணக்காகக் கதைப்போம். ஆனால் மண்டபத்தில் கட்டுகிற பனரில் மட்டும் 'திறந்த உரையாடல்' என்று இருக்கும். அதைக் கண்டதும் பொடியள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து வாயை மூடிக்கொள்வார்கள். பாலைப்பழம் தின்ற வாய்மாதிரி, உதடு இரண்டும் ஒட்டிவிடும்.

பல்கலைக்கழக மாணவர்களுக்காக இப்படியான உரையாடல் வட்டங்களைச் சில வருடங்கள் இலங்கையின் வடக்கே, வன்னியில் நடத்தியிருக்கிறேன். எங்கள் வேலைக்குக் கடதாசியில் 'வசதிப்படுத்துநர்' என்று பெயர். கேட்டால் மண்டபத்துக்கு ஃபேன் பூட்ட வந்த ஆள்மாதிரி இருக்கும். உண்மையும் கிட்டத்தட்ட அதுதான். பாதி நேரம் பிளாஸ்டிக் கதிரை அடுக்குவதிலும், சத்தம் போடாத ஃபேன் தேடுவதிலும் போய்விடும். மிச்சப் பாதி, வாயைத் திறக்காமல் இருப்பதில் போகும். அதுதான் கஷ்டமான பாதி.

நான் இந்த விஷயத்துக்குள் வந்தது மறுபக்கத்தில் இருந்து, கதிரையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட ஆளாக. 2011 ஆம் ஆண்டு. யுத்தம் முடிந்து, முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பி, விட்ட படிப்பைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த காலம். ஏதோ ஒரு நிறுவனம் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பலூன் தந்தது. மனதில் இருக்கிற கவலையைப் பலூனில் எழுதி ஊதி உடைக்க வேண்டுமாம். என் பக்கத்தில் இருந்த பிள்ளை அண்ணனின் பெயரை எழுதியிருந்தாள். அவள் அதை உடைக்கவில்லை. காற்றை மெதுவாகத் திறந்துவிட்டு, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். நடத்தியவருக்கு அது தெரியவில்லை. அவர் மற்றப் பலூன்கள் வெடிக்கிற சத்தத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் வன்னியில் கதை சொல்லக் கூப்பிட்டவர்களுக்குக் குறைவில்லை. 2010 செப்டம்பரில் யுத்தம் பற்றிக் கேட்க அரசாங்கம் வைத்த ஒரு ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்து அமர்ந்து கேட்டது. 2016 இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி ஊர் ஊராகக் கேட்டது. அதன் அறிக்கை 2017 சனவரியில் வெளியானது. அடுத்த மாதம், பெப்ரவரி 20 ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். "எத்தினை தரம் சொல்லுறது?" என்பதுதான் ஊரில் எல்லாருடைய கேள்வியும். இந்த வீடுகளில் இருந்துதான் பிள்ளைகள் கம்பஸுக்குப் போகிறார்கள். அவர்களிடம் போய் 'வாருங்கள், மனம் திறந்து கதைப்போம்' என்றால் எப்படி இருக்கும்?

சரி, இது என்ன சாமான் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விரிவுரை இல்லை, செயலமர்வு இல்லை, பட்டிமன்றமும் இல்லை. இந்தக் கடைசி ஒன்றை எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரும்பாடு. பாடசாலையில் விவாதப் போட்டிக்குப் போனவன் வட்டத்திலும் எழும்பி நின்று "நடுவர் அவர்களே" என்றுதான் தொடங்குவான். ஒருவன் உண்மையாகவே அப்படித் தொடங்கினான். 'இங்கே நடுவர் இல்லை, தம்பி' என்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான், அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. வெல்ல ஆள் இல்லாத இடத்தில் எதைக் கதைப்பது?

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1988 இல் இதை ஒரு பாடத்திட்டமாகவே தொடங்கியது. வளாகத்தில் இனப் பிரச்சினை முற்றியிருந்த காலம். ஒரு சிறு குழு, அதே ஆட்கள், கிழமைக்குக் கிழமை சந்திப்பார்கள். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு வழிநடத்துநர்கள். ஹரோல்ட் சோண்டர்ஸ் என்ற அமெரிக்க இராஜதந்திரி இன்னொரு வழியால் இதற்கு வந்தார். 1978 ஆம் ஆண்டுக் காம்ப் டேவிட் உடன்படிக்கைக்கு வேலை செய்தவர் அவர். அரசாங்கங்கள் கையெழுத்து வைக்கலாம், ஆட்களுக்கு இடையில் முறிந்ததை ஆட்கள்தான் ஒட்ட வேண்டும் என்பது அவருடைய வாதம். தஜிகிஸ்தான் உள்நாட்டுப் போர்க்காலத்தில் எதிரெதிர் ஆட்களை வருடக்கணக்காக ஒரே மேசையில் இருத்தியவர். அந்த முறையைப் பிரின்ஸ்டன் மாணவர்கள் 1999 இல் தங்கள் வளாகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

'திறந்த உரையாடல்' என்ற இதே பெயரில் பின்லாந்தின் தோர்னியோவில் 1980களில் தொடங்கிய மனநல வைத்திய முறை ஒன்றும் உண்டு. அது வேறு விஷயம். ஆனாலும் அதில் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். நோயாளியைப் பற்றிய எந்த முடிவையும் அவர் இல்லாத இடத்தில் எடுக்க மாட்டார்கள். வன்னியைப் பற்றிய எத்தனை முடிவு வன்னியில் எடுக்கப்பட்டிருக்கிறது என்று அதை வாசித்த அன்று விரல் மடித்துப் பார்த்தேன். ஒரு கையே மிச்சம்.

நான் சொல்ல வந்த வட்டம் 2018 இல் நடந்தது. கிளிநொச்சியில் இருந்து முறிகண்டிப் பக்கம் போகும்போது அறிவியல் நகர் வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் அங்கேதான். நாட்டின் எல்லாத் திசையில் இருந்தும் பிள்ளைகள் வருவார்கள். நாங்கள் இருந்தது வளாகத்துக்கு வெளியே, ஏ9 வீதியில் இருந்து உள்ளே போகிற கிரவல் ஒழுங்கையில், தகரக் கூரை போட்ட ஒரு சிறிய மண்டபத்தில். சோளகக் காற்று அடிக்கிற மாதங்கள். கதவைத் திறந்தால் செம்மண் புழுதி, மூடினால் அவியும். ஆறு சனிக்கிழமைகள், பதினான்கு மாணவர்கள். வன்னிப் பிள்ளைகள் ஐந்து, யாழ்ப்பாணம் நான்கு, சிங்களப் பிள்ளைகள் மூன்று, மலையகத்தில் இருந்து ஒருவர், மட்டக்களப்பில் இருந்து ஒருவர். நானும், அநுராதபுரத்தைச் சேர்ந்த என் சகபாடியும் வழிநடத்தினோம். மிச்சிகன் முறைப்படி பக்கத்துக்கு ஒருவர். மொழிபெயர்க்க ஒரு தங்கச்சி வந்தாள். சிங்களமும் தமிழும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முஸ்லிம் பிள்ளை, அப்போதுதான் வெளிவாரியாகப் பட்டப்படிப்பு முடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் முன்னால், 2016 யூலை 16 ஆம் திகதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்பில் சிங்களவரின் கண்டிய நடனம் சேர்ப்பது பற்றிய தர்க்கம் கைகலப்பில் முடிந்து, செய்தி நாடு முழுக்கப் போயிருந்தது. எங்களுக்குக் காசு தந்தவர்களின் மனதிலும் அதுதான். தமிழ், சிங்களம். இரண்டு பக்கம், நடுவில் ஒரு பாலம். திட்டக் கடதாசி அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது, எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

முதல் சனி, வரவுப் பட்டியலோடு சிக்கல் தொடங்கியது. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கையொப்பம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்கள். வன்னிப் பொடியன் ஒருவன் பேனையைப் பிடித்தபடி இருந்தான். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, இந்தப் பேப்பர் எங்க போகும்?" என்றான். நான் நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன். "அதுக்குப் பிறகு?" என்றான். அதற்குப் பிறகு எங்கே போகும் என்று எனக்கும் தெரியாது. அவன் வயதுப் பிள்ளைகளை எத்தனை பட்டியலில் எழுதியிருப்பார்கள்! முகாமில் ஒன்று, திரும்பி வந்தபோது ஒன்று, கிராம சேவகரிடம் ஒன்று, வீட்டுக்கு வந்து குடும்பப் படம் எடுத்துப் போனவர்களிடம் ஒன்று. நாங்கள் அந்தத் தாளைக் கிழித்தோம். கையொப்பமும் இல்லை, ஆட்கள் தெரிகிற படமும் இல்லை என்று முடிவெடுத்து, கதவைச் சாத்தினோம்.

காசு தந்த அலுவலகம் சும்மா இருக்குமா? கூட்டம் நடந்ததற்கு ஆதாரம் வேண்டும். கடைசியில் என் சகபாடிதான் யோசனை சொன்னார். வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்புகளைப் படம் எடுத்து அனுப்பினோம். பாட்டாச் செருப்பு, சப்பாத்து, மணி வைத்த ஒரு சோடி, வார் அறுந்து ஊசி குத்திய ஒரு சோடி. அலுவலகத்தில் இருந்து தம்பி ஒருவர் போன் எடுத்தார். எண்ணிப் பார்த்திருக்கிறார். "அக்கா, பதினாலு பேர் எண்டியள். பதினேழு சோடி கிடக்கு?"

"நாங்கள் ரெண்டு பேர், மற்றது மொழிபெயர்ப்பாளர்" என்றேன்.

முறைக்கு வருவோம். இப்படியான வட்டங்களில் கையில் ஒரு பொருளை வைத்திருக்கிறவர்தான் கதைக்கலாம் என்று ஒரு ஒழுங்கு வைப்பார்கள். கல், சங்கு, எதுவும் ஆகலாம். நாங்கள் முறிகண்டிக் கச்சான் சரையை, அதாவது நிலக்கடலைப் பொட்டலத்தை, வைத்தோம். பெரிய பிழை. சரை கைக்கு வந்தவன் கதைக்காமல் உடைத்து உடைத்துத் தின்றான், மற்றவர்கள் கதைப்பதற்காக இல்லாமல் கச்சானுக்காகக் காத்திருந்தார்கள். ஆனாலும் அன்றுதான் முதன்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. கச்சான் கோதைச் சிங்களப் பையன் ஒருவன் பொறுக்கியபோது "விடு மச்சான்" என்று யாரோ சொன்னார்கள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அவன்தான் அடுத்த சனி ஒரு விஷயம் சொன்னான். அறை வாடகைக்கு எடுத்திருக்கிற ஒழுங்கையில் ஒரு தேத்தண்ணிக் கடை. அவன் உள்ளே கால் வைத்தால் கதை நின்றுவிடும். கடைக்கார ஐயா நல்லவர், சிரிப்பார், மிச்சக் காசு சரியாகத் தருவார். ஆனால் அவன் பிளேன்ரீ குடித்து முடிக்கும்வரை கரண்டிச் சத்தம் மட்டும்தான். வெளியே வந்து சைக்கிளில் ஏறியதும் பின்னால் கதை தொடங்குவது கேட்கும். "அவங்கள் என்ன கதைக்கிறாங்கள் எண்டு தெரிஞ்சுகொள்ளத் தமிழ் படிக்கத் தொடங்கினன். இப்ப கொஞ்சம் விளங்குது. நெல்லு விலை கதைக்கிறாங்கள்." இதை மொழிபெயர்த்தபோது அந்தத் தங்கச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் வட்டம் உண்மையில் இறுகியது சிங்களப் பிள்ளைகளால் இல்லை. மூன்றாவது சனி, யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் சாதாரணமாகச் சொன்னான். "எங்கட பள்ளிக்கூடத்தில இந்தக் கோர்ஸுக்குக் கொஞ்சப் புள்ளியில விடுபட்ட பெடியள் இருக்கிறாங்கள். முல்லைத்தீவில நிண்டு எடுத்திருந்தா உள்ள வந்திருப்பாங்கள்." கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. மழை வரும்போல என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னான்.

வெளியூர் வாசகர்களுக்கு இதன் கணக்கு தெரிய வேண்டும். இங்கே பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில், அதாவது உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணக்கிட்ட புள்ளியில், நடக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னியின் மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. 1970களில் மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிக்கட்டிய தரப்படுத்தலும் அதையொட்டி வந்த மாவட்ட ஒதுக்கீடும் தமிழ் இளைஞர்களை எப்படிக் கொதிக்க வைத்தன என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே மாவட்டக் கணக்கு வன்னிப் பிள்ளைக்குக் கதவு திறந்தது என்பதை அந்தக் கதையோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. கிளிநொச்சி 1984 வரைக்கும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் இருந்தது. கணக்கில் தனியாகத் தெரிவதற்கே அவ்வளவு காலம் எடுத்தது.

அந்தத் தம்பி சொல்லி முடித்ததும் ஐந்து வன்னிப் பிள்ளைகளும் நிலத்தைப் பார்த்தார்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில். ஃபேன் சுற்றுகிற சத்தம். என் சகபாடியின் முழங்கால் ஆடத் தொடங்கியது, அவருக்குப் பதற்றம் வந்தால் அப்படித்தான். எனக்கு நாக்கு நுனியில் ஒரு வசனம் நின்றது. 'இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறதுதானே' என்ற அந்தப் பாழாய்ப்போன வசனம். நானும் வன்னிதான். என் மாவட்டப் புள்ளியில் உள்ளே போனவள்தான். அந்த வசனத்தைச் சொல்லியிருந்தால் அன்று எல்லாரும் நிம்மதியாகச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்திருப்போம். விழுங்கினேன். அன்று யாரும் பதில் சொல்லவில்லை. கூட்டம் அப்படியே, ஒன்றும் முடியாமல், முடிந்தது. தோற்றுவிட்டோம் என்றுதான் அன்றிரவு நினைத்தேன்.

பதில் அடுத்த சனி வந்தது. பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்த அதே பொடியன். "நான் எட்டாம் வகுப்பு படிக்கேல்லை" என்று தொடங்கினான். ஏழில் இருந்து நேரே ஒன்பது. நடுவில் இருந்த வருடத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "கம்பஸ் வந்த நாளில இருந்து ஆராவது எந்த ஊர் எண்டு கேட்டா வவுனியாப் பக்கம் எண்டுதான் சொல்லுறனான். முல்லைத்தீவு எண்டா, ஓ, மாவட்டக் கோட்டாவில வந்தனீயோ எண்டு கண்ணால பார்ப்பாங்கள். இல்லாட்டி ஐயோ பாவம் எண்டு பார்ப்பாங்கள். ரெண்டும் எனக்கு வேண்டாம்."

யாழ்ப்பாணத்துத் தம்பி மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "அவங்களும் பாவம்தான்" என்று மட்டும் சொன்னான், விடுபட்ட தன் நண்பர்களை. அதுவும் உண்மை. பிறகு யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் தன் அம்மா வன்னிக்கு வந்து யாரோ ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் எட்டு மாதம் இருந்ததைச் சொன்னாள். அந்த வீட்டுக்காரரின் பெயர் அம்மாவுக்கு இன்றைக்கும் நினைவாம், இவள் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லையாம், அறிவியல் நகரில் இருந்து அரை மணித்தியால பஸ் தூரமாம். அன்று கதை நிற்கவில்லை. பார்சல் ஆறிப்போனது. நல்ல வட்டம் ஒன்றை நடத்திவிட்ட பெருமையோடு நான் வீட்டுக்குப் போனேன்.

ஆறாவது சனி. கடைசிச் சுற்று. எல்லாரும் ஒவ்வொரு வசனம் சொல்லி முடிக்க வேண்டும். பதினான்கு பேரும் சொன்னார்கள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தபோது, மொழிபெயர்த்த தங்கச்சி கையை உயர்த்தினாள். வகுப்பில் உயர்த்துகிற மாதிரி, முழங்கையை மடித்து, பாதிதான்.

"அக்கா, நானும் ஒண்டு சொல்லலாமா?"

ஆறு கிழமையும் அவள் மற்றவர்களுக்காக 'நான்' என்றுதான் சொல்லியிருக்கிறாள். மொழிபெயர்ப்பில் அதுதான் முறை. 'அவர் தன் ஊர் முல்லைத்தீவு என்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'என்ர ஊர் முல்லைத்தீவு' என்று சொல்ல வேண்டும். "எல்லாற்ற நானையும் நான் சொன்னன். என்ர வாயால வந்த ஒரு நானும் நானில்லை" என்றாள். பிறகு சொன்னாள். அவளுடைய உம்மாவும் வாப்பாவும் தண்ணீரூற்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கையில் கிடைத்ததோடு புறப்பட்டவர்கள். இவள் பிறந்தது புத்தளத்தில், ஓலைக் குடிசையில். வீட்டில் 'ஊர்' என்றால் இவள் பதினான்கு வயதுவரை கண்டிராத ஒரு இடம். யுத்தம் முடிந்து திரும்பிப் போனபோது உம்மா வீட்டைத் தேடவில்லையாம், கிணற்றைத்தான் தேடினாவாம். பற்றைக்குள் கட்டு தெரிந்ததாம்.

"நீங்கள் எல்லாரும் எந்த ஊர் எண்டு ஒவ்வொருத்தரையா கேட்டீங்க. நானும் முல்லைத்தீவுதான்."

எட்டாம் வகுப்புப் படிக்காத பொடியன் நிமிர்ந்து பார்த்தான். அவனுடைய ஊர் முள்ளியவளை, தண்ணீரூற்றில் இருந்து கூப்பிடு தூரம். "எங்கட வீட்டில ஒருத்தரும் இதைக் கதைச்சதில்லை" என்றான். அது பதிலா, சமாதானமா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

தமிழில் சொல்லியிருந்தாள். சிங்களப் பிள்ளைகள் மூவரும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். தேத்தண்ணிக் கடைப் பையன் மெல்ல, "என்ன சொன்னா?" என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்டான். மொழிபெயர்க்க ஆள் இல்லை. என் சகபாடிக்குத் தமிழ் பாதிதான் வரும், என் சிங்களம் பஸ்ஸுக்கும் கந்தோருக்கும் காணும், இதற்குக் காணாது. ஒரு நிமிடம் ஒருவரும் அசையவில்லை. பிறகு அவளே அவர்கள் பக்கம் திரும்பி, முழுவதையும் முதலில் இருந்து சிங்களத்தில் சொன்னாள். 'மம, மம' என்று, சிங்களத்து 'நான்', ஒவ்வொரு வசனத்திலும் விழுந்தது.

என் வேலை யார் கதைக்கவில்லை என்று பார்ப்பது. வட்டத்தில் கதைக்காத ஆளை ஆறு கிழமை தேடியிருக்கிறேன், குறிப்புக் கொப்பியில் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாரையும்விடக் கூடுதலாக வாய் திறந்தவள் அவள் என்பதால் என் கண்ணில் படவேயில்லை.

இறுதி அறிக்கையில் பங்குபற்றியோர் தொகை 15 என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அலுவலகத் தம்பி போன் எடுத்தார். சாப்பாட்டுப் பார்சல் கணக்கில் பதினான்குதான் இருக்கிறதாம், மொழிபெயர்ப்பாளருக்கான கொடுப்பனவு வேறு தலைப்பில் போயிருக்கிறதாம், ஒரே ஆளை இரண்டு இடத்தில் போட ஏலாதாம். "எதை வெட்டுறது அக்கா?" என்றார்.

செருப்புப் படத்தைத் திரும்பவும் அனுப்பினேன். மணி வைத்த சோடி அவளுடையது.